பாதிக் கிணறு

போன வாரம் பழைய அலுவலகத் தோழி ஒருத்தி போன் செய்தாள். அவளுடைய அக்கா மகளுக்கு ஜீவனாம்ச வழக்கில் தீர்ப்பு ஆகிவிட்டதாம். மாசம் பத்தாயிரம். "ஒரு வழியா முடிஞ்சுதுடி" என்றாள். குரலில் அவ்வளவு நிம்மதி. தீர்ப்பு என்ன தேதி என்று கேட்டேன். "அது ஆச்சு, எட்டு ஒன்பது மாசம்." இதுவரைக்கும் எத்தனை மாசப் பணம் வந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு சொன்னாள்: "ஒண்ணும் வரலை. தர்றேன் தர்றேன்னு சொல்லிட்டிருக்கான்."

அன்றைக்கு ராத்திரியே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். என் தங்கை வழக்கில் நாங்கள் பட்டதையும், பட்ட பிறகு தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. ஐந்து வருஷத்துக்கும் மேலாகத் தங்கையோடு குடும்ப நல நீதிமன்றத்துப் படி ஏறி இறங்கிய அக்கா, அவ்வளவுதான்.

2019 மார்ச்சில் மனு போட்டோம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125வது பிரிவு. கோர்ட்டில் எல்லோரும் எம்.சி. கேஸ் என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்து அந்தப் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 144 ஆகிவிட்டது. எண்தான் மாறியிருக்கிறது, நடைமுறை ஏறக்குறைய அதேதான். இடைக்கால ஜீவனாம்சம் கேட்டுப் போட்ட மனு, நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடுமானவரை முடிய வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. எங்கள் மனு வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போய், நடுவில் கொரோனா வந்து கோர்ட்டே மூடி, அப்படியே கிடந்தது. 2021 ஆகஸ்டில் நேராக இறுதித் தீர்ப்பு. தங்கைக்கு 8,000, பையனுக்கு 4,000. ஆக மாசம் 12,000, மனு போட்ட தேதியிலிருந்து.

மனு போட்ட தேதியிலிருந்து என்ற அந்த வரிக்கு ஒரு பின்னணி உண்டு. 2020 நவம்பர் 4 அன்று நீதிபதி இந்து மல்ஹோத்ராவும் நீதிபதி சுபாஷ் ரெட்டியும் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, ஜீவனாம்சத்தை மனுத் தேதியிலிருந்தே தர வேண்டும் என்று நாடு முழுவதற்குமாகச் சொன்னது. அதற்கு முன்னால் ஒரு கோர்ட் மனுத் தேதியிலிருந்து தரும், இன்னொரு கோர்ட் தீர்ப்புத் தேதியிலிருந்து தரும். வழக்கு இழுத்த வருஷங்கள் எல்லாம் பெண்ணின் தலையில் விழும். அந்த ஒரு வரியால் எங்களுக்கு 29 மாசப் பாக்கி, 3,48,000 ரூபாய், கணக்கில் ஏறியது.

கணக்கில்தான் ஏறியது.

தீர்ப்பு நகலைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது எங்கள் வக்கீலின் குமாஸ்தா, ஐம்பது தாண்டிய மனிதர், தங்கையிடம் சொன்னார்: "தங்கச்சி, இது பாதிக் கிணறு. மீதிப் பாதியை நீயாத்தான் தாண்டணும். கோர்ட் உன்னைக் கூப்பிட்டு, பணம் வந்துச்சான்னு கேக்காது." தங்கை சிரித்தபடி தலையாட்டினாள். எனக்கும் அன்றைக்கு அது உறைக்கவில்லை. நீதிபதி கையெழுத்துப் போட்ட உத்தரவு. அதை ஒருத்தன் மீறினால் கோர்ட் சும்மா இருக்குமா என்றுதான் நினைத்தோம்.

சும்மாதான் இருக்கும். மீறியிருக்கிறான் என்று நாம் போய் மனு போட்டால்தான் கோர்ட்டுக்கே அது தெரியும். அந்த மனுவுக்கு ஒரு கெடுவும் உண்டு. பணம் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் நிறைவேற்று மனு போடாவிட்டால், அந்தப் பாக்கிக்கு வாரண்ட் கேட்க முடியாது. 125(3)இல் இருந்தது, 144(3)இலும் இருக்கிறது. "தர்றேன் தர்றேன்" என்று ஒருவன் சொல்லிக்கொண்டே இருப்பதற்குப் பின்னால் பல நேரம் இந்த ஒரு வருஷக் கணக்கு இருக்கிறது. யாராவது அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

எங்கள் விஷயத்திலும் அதுதான் நடந்தது. ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாசம் தங்கை கணவனிடமிருந்து 12,000 ஜிபேயில் ஒழுங்காக வந்தது. பழைய பாக்கிக்கு "ஊர்ல ஒரு இடம் விலை பேசிட்டிருக்கோம், முடிஞ்சதும் மொத்தமா தந்துடறேன்" என்று செய்தி. அக்டோபரிலிருந்து ஒன்றும் இல்லை. தங்கை கேட்டால், "என்னை நம்ப மாட்டியா, திரும்பவும் கோர்ட்டுக்கு இழுக்கணுமா" என்று பதில். அம்மாவும், "கொஞ்சம் பொறுத்துப் போடி, அவனா மனசு மாறினா நல்லதுதானே" என்றாள். 2022 ஜூன் கடைசியில் அந்தக் குமாஸ்தா அண்ணன்தான் தானாகவே போன் செய்து, "தங்கச்சி, அடுத்த மாசத்தோட வருஷம் முடியப்போகுது, ஞாபகம் இருக்கா?" என்றார். அதற்குள் மொத்தப் பாக்கி 4,56,000. ஜூலையில் அவசர அவசரமாக மனு போட்டோம். அவர் அன்றைக்குக் கூப்பிட்டிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

ஒரு வருஷம் தாண்டிப்போனவர்கள் மனம் விட்டுவிட வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒரு வருஷக் கெடு என்பது வாரண்ட், சிறை என்ற அந்தக் கடுமையான வழிக்கு மட்டும்தான். பாக்கிப் பணத்துக்கான உரிமை அழிந்துபோகாது, சிவில் வழியில் வசூலிக்கலாம். அதற்கு முன்பே 2005இல் வந்த இன்னொரு தீர்ப்பு, கெடுவுக்குள் ஒரு மனு போட்டு அது நிலுவையில் இருந்தால், பின்னால் சேரும் பாக்கியை அதிலேயே சேர்த்துக் கேட்கலாம் என்றது. மாசாமாசம் புதிது புதிதாக மனு போட வேண்டியதில்லை. இந்த இரண்டும் தெரியாமல் விட்டுவிட்டுப் போன பெண்களைக் கோர்ட் வராந்தாவில் நானே பார்த்திருக்கிறேன்.

மனு போட்டதும் நோட்டீஸ். அவன் வரவில்லை. பிறகு பிடிவாரண்ட். வாரண்டை எடுத்துக்கொண்டு போலீஸ் போவது அவன் அம்மா வீட்டு விலாசத்துக்கு. "ஆள் இந்த விலாசத்தில் இல்லை" என்று எழுதித் திரும்பி வந்தது. அடுத்த வாய்தா. மறுபடி வாரண்ட். மறுபடி அதே எழுத்து. ஸ்டேஷனில் போய்க் கேட்டால், "எங்க இருக்கான்னு நீங்க காட்டுங்கம்மா, நாங்க தூக்கிட்டு வர்றோம்" என்றார் ஏட்டு. அவரை நான் குறை சொல்லவில்லை. ஸ்டேஷனில் கொலை, திருட்டு, பந்தோபஸ்து என்று அவருக்கு ஆயிரம் இருக்கும். ஆனால் ஒன்று கேட்கிறேன். குழந்தையை வைத்துக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு இருக்கிற ஒரு பெண், அரசாங்கத்துக்கே கிடைக்காத ஆளை எங்கே போய்த் தேடுவாள்?

தேடினோம். 2022 ஆயுத பூஜைக்கு மறுநாள், என் தங்கை மகன்தான் பார்த்தான். அவனுக்கு அப்போது பதினொரு வயசு. யாரோ ஒரு சொந்தக்காரர் பகிர்ந்த பேஸ்புக் படம். ஒரு ஆலைக்குள் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை வைத்துப் பூஜை. இருபது பேர் வரிசையாக நிற்கிறார்கள். மூன்றாவதாக அவன். சட்டைப்பையில் கம்பெனி பெயர் தைத்திருக்கிறது. மற்றவர்கள் நீலச் சட்டை, அவன் மட்டும் வெள்ளை. சூப்பர்வைசர் சட்டை. "அம்மா, அப்பா" என்று பையன் போனை நீட்டினான். தங்கை அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள், சட்டைப்பை எழுத்து தெரியும்வரை. கோர்ட்டில் அவன் தாக்கல் செய்திருந்த பிரமாண வாக்குமூலத்தில் தினக்கூலி 400 ரூபாய் என்று இருந்தது.

அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்து மனுவோடு வைத்தோம். கோர்ட் அந்தக் கம்பெனியிடம் சம்பளச் சான்று கேட்டது. மாசம் 34,000.

சம்பளத்தைப் பற்றி ஒரு விஷயம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தை ஜப்தி செய்யும்போது முதல் ஆயிரம் ரூபாயையும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. ஜீவனாம்சத்துக்கு அது தலைகீழ். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60வது பிரிவுப்படி மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு. மூன்றில் இரண்டு பங்கு வரைக்கும் பிடிக்கலாம். பெண்டாட்டி பிள்ளை சாப்பாட்டைச் சட்டம் மற்றக் கடனோடு சேர்த்து வைக்கவில்லை. ஜீவனாம்ச உத்தரவை சிவில் கோர்ட்டின் பணத் தீர்ப்பு போலவே நிறைவேற்றலாம் என்று அந்த 2020 தீர்ப்பும் சொல்கிறது. எங்களுக்கு மாசம் 12,000, பழைய பாக்கிக்கு 5,000, ஆக 17,000 பிடித்து நேராகத் தங்கை வங்கிக் கணக்கில் போடச் சொல்லி உத்தரவு ஆனது. 2023 பிப்ரவரி முதல் வந்தது. பதினான்கு மாசம். தங்கை வாழ்க்கையில் மாசம் பிறந்தால் பயம் இல்லாமல் இருந்தது அந்தப் பதினான்கு மாசம்தான்.

"எனக்கு வீட்டுக் கடன் இருக்கு, பர்சனல் லோன் இருக்கு, எல்லாம் போக ஒண்ணும் மிஞ்சலை" என்று அவன் வக்கீல் வாதாடினார். இது எல்லா வழக்கிலும் வருகிற வாதம். இப்போது யாராவது அப்படிச் சொன்னால் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதை உங்கள் வக்கீலிடம் ஞாபகப்படுத்துங்கள். மனைவி, குழந்தைகளின் ஜீவனாம்ச உரிமை, கடன் கொடுத்தவர்கள் உரிமைக்கும் முன்னால் நிற்கிறது.

குடும்ப வன்முறைச் சட்டத்தில் (2005ஆம் வருஷத்துச் சட்டம், 2006 அக்டோபரில் அமலுக்கு வந்தது) வழக்குப் போட்டிருப்பவர்களுக்கு இதைவிட நேரான வழி இருக்கிறது. 20வது பிரிவின் 6வது உட்பிரிவு. கணவன் பணம் கட்டத் தவறினால், அவனுக்குச் சம்பளம் தருகிறவரையோ அவனுக்குக் கடன்பட்டவரையோ நேராக அந்தப் பெண்ணுக்கே பணத்தைக் கொடுக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். கடன்பட்டவர் என்றால் அவனுக்கு வாடகை தருகிற குடித்தனக்காரரைப் பற்றியும் வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள். இந்தப் பிரிவை யாரும் அதிகம் கேட்டு வாங்குவதில்லை என்பது என் ஆதங்கம்.

2024 மார்ச்சில் அவன் வேலையை விட்டான். மறுபடி பூஜ்யம்.

இந்த முறை நாங்கள் அசரவில்லை. முன்பு போட்ட மனு உயிரோடு இருந்தது. பாக்கிக் கணக்கையும் எங்கேயும் தேட வேண்டியதில்லை, தங்கையிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. பையனுடைய பழைய கணக்கு நோட்டு. முன்பக்கம் அவன் போட்ட பெருக்கல், பின்பக்கத்திலிருந்து அவள் கணக்கு. ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு வரி. வர வேண்டியது, வந்தது, வந்த தேதி, பாக்கி. வராத மாசத்துக்கு ஒரு கோடு. அவன் பக்கம் வக்கீல், "பையனுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார், தீபாவளிக்குத் துணி எடுத்தார், அதெல்லாம் கழிக்கணும்" என்று சொன்னபோது, நீதிபதி அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். சைக்கிள் வந்த தேதியும் அதில் இருந்தது, "அப்பா வாங்கியது, ஜீவனாம்சத்தில் இல்லை" என்று ஒரு குறிப்போடு. அதற்குமேல் அந்தப் பேச்சு எழவில்லை. எந்தத் தேதியில் எவ்வளவு என்று சொல்ல முடிகிறவர்கள் பேச்சுக்குக் கோர்ட்டில் இருக்கும் கனமே வேறு. ஆகவே கையில் காசாக வாங்காதீர்கள். வங்கிக் கணக்கில் வரட்டும். வராத மாசத்தையும் எழுதி வையுங்கள்.

2024 செப்டம்பரில் அவனைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். "பணம் இல்லை" என்றான். கட்டாவிட்டால் ஒரு மாதம் வரை சிறை என்று நீதிபதி சொன்னார். சட்டம் அதுதான். ஒரு மாதம் வரை, அல்லது பணம் கட்டும் வரை, எது முன்னால் வருகிறதோ அது. அவனுடைய அண்ணன் வெளியே போய் ஒன்றரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். மஞ்சள் பையில் 1,50,000 ரூபாய். எல்லாம் ஐந்நூறு ரூபாய் நோட்டு. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தங்கை எண்ணினாள், நான் எண்ணினேன், குமாஸ்தா அண்ணன் எண்ணினார். 300 நோட்டு. எண்ணும்போதே மூக்கில் ஏறியது, அந்துருண்டை வாசனை. பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவில் ரொம்ப நாளாக வைத்திருந்த பணம். தங்கை ஒன்றும் பேசவில்லை. நோட்டை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். கண் கலங்கியிருந்தது. பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட அவள் தோட்டை அடகு வைத்த வருஷங்களில் எல்லாம் அந்தப் பணம் அந்தப் பீரோவில் இருந்திருக்கிறது.

சிறைக்குப் போய்விட்டு வந்தால் பாக்கி தீர்ந்துவிடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆண்களும் சொல்கிறார்கள், பயந்துபோய்ப் பெண்களும் நம்புகிறார்கள். தவறு. 1988இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: சிறை என்பது பணத்தைக் கட்ட வைக்கிற வழி, பணத்துக்கு ஈடு அல்ல. உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் கட்டியே ஆக வேண்டும். சிவில் வழியில் கைது கேட்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அங்கே சிறையில் அவன் சாப்பாட்டுக்கான படிப்பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டியவர் வழக்குப் போட்டவர். எனக்கு முதலில் இதைக் கேட்டபோது நம்ப முடியவில்லை. சோறு கேட்டு வழக்குப் போட்டவள் அவனுக்குச் சோறு போடக் காசு கட்ட வேண்டும் என்றால், இந்த விதியை எழுதியவர்கள் கடன் கொடுத்த வியாபாரியை மனசில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்தது சொத்து. அவன் விலை பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்ன அந்த இடம், அவன் பங்குக்கு வந்த வீட்டு மனை. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை யார் வேண்டுமானாலும் காசு கட்டாமல் பார்க்கலாம். சர்வே எண் தெரிந்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். தீர்ப்பு வந்து மூன்றே வாரத்தில் ஒரு பதிவு. ஆவணத்தின் தன்மை: செட்டில்மென்ட். எழுதிக் கொடுத்தவர் அவன். எழுதி வாங்கியவர் அண்ணன். கைமாற்றுத் தொகை எதுவும் இல்லை. அதாவது, "இடம் விலை பேசிட்டிருக்கோம்" என்று தங்கைக்குச் செய்தி அனுப்பியபோது இடமே அவன் பேரில் இல்லை.

இங்கேதான் பல பேர் "அவ்வளவுதான், போச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். சொத்து மாற்றுச் சட்டத்தின் 39வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. சொத்தின் வருமானத்திலிருந்து ஜீவனாம்சம் பெற ஒருவருக்கு உரிமை இருக்கும்போது அந்தச் சொத்தைக் கைமாற்றினால், வாங்கியவருக்கு அந்த உரிமை தெரிந்திருந்தாலோ, அல்லது விலையில்லாமல் சும்மா வாங்கியிருந்தாலோ, அவர்மீதும் அந்த உரிமையைச் செலுத்தலாம். கடன்காரர்களை ஏமாற்றச் செய்த கைமாற்றத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு 53வது பிரிவு இருக்கிறது. தம்பிக்கு ஜீவனாம்ச வழக்கு நடப்பது அண்ணனுக்குத் தெரியாது என்று எந்த நீதிபதியிடம் சொல்வார்கள்? இதைவிட நல்லது, வழக்கு நடக்கும்போதே, சொத்தை மாற்றப் போகிறார்கள் என்று தெரிந்தால் தீர்ப்புக்கு முன் ஜப்தி கேட்பது. எங்களுக்கு அது அப்போது தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். மனு போடும்போதே வில்லங்கம் போட்டுப் பார்த்து ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

கணவன் வேறு ஊருக்குப் போய்விட்டால், தீர்ப்புச் சொன்ன கோர்ட்டிலேயே மல்லுக்கட்ட வேண்டும் என்றில்லை. அவன் எந்த ஊரில் இருக்கிறானோ அந்த ஊர் மாஜிஸ்திரேட்டே நிறைவேற்றலாம், தீர்ப்பு நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வெளிநாடு போனவர்கள் விஷயம் கடினம்தான். ஆனால் வாரண்ட் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் சட்டம் 10வது பிரிவின்படி பாஸ்போர்ட்டை முடக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. வாரண்ட் நகலோடு மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

குழந்தையைப் பார்க்கும் உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. கோபத்தில், "பணம் தராதவனுக்குப் பிள்ளையை எதுக்குக் காட்டணும்" என்று தோன்றும். தங்கைக்கும் தோன்றியது. நானே தடுத்தேன். ஜீவனாம்சம் ஒரு உத்தரவு, சனிக்கிழமை அப்பாவைப் பார்ப்பது வேறு உத்தரவு. ஒன்றை அவன் மீறினான் என்பதற்காக இன்னொன்றை நாம் மீறினால், நிறைவேற்று மனுவில் நம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுவார்கள். அதைவிட முக்கியம், பையனுக்கு அப்பா வேண்டும். பேஸ்புக் படத்தில் அப்பாவைக் கண்டதும் அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

இவ்வளவும் பட்ட பிறகு எனக்கு ஒரு முடிவான கருத்து உண்டு. 2020 தீர்ப்புக்குப் பிறகு இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் எழுதிப் பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்தாக வேண்டும். எங்கே வேலை, எந்த வங்கி, எல்லாம் அதில் வருகிறது. அதாவது தீர்ப்பு எழுதுகிற நாளிலேயே, பணம் எங்கே இருக்கிறது என்பது கோர்ட்டுக் கட்டுக்குள் இருக்கிறது. பிறகு ஏன் பணம் வராமல் போகும்வரை காத்திருந்து, அந்தப் பெண் தனியாக இன்னொரு மனு போட்டு, அவன் வேலை பார்க்கும் இடத்தை அவளே கண்டுபிடித்துக் கொண்டுவர வேண்டும்? சம்பளக்காரன் என்றால் தீர்ப்பிலேயே, "இந்த நிறுவனம் மாசாமாசம் இவ்வளவு பிடித்து இந்தக் கணக்கில் செலுத்த வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்கலாமே. அமெரிக்காவில் 1988இல் போட்ட சட்டத்தால் 1994 முதல் குழந்தை ஜீவனாம்சம் ஆரம்ப நாளிலிருந்தே சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. தவறுகிறானா என்று பார்த்துப் பிறகு பிடிப்பதில்லை. பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட்டும் கிடையாது. சம்பளத்தில் பிடிக்கிற அதிகாரம் நம் சட்டத்திலும் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும் என்பது மாறி, தானாகக் கிடைக்க வேண்டும். கூலி வேலை செய்கிறவன், தொழில் செய்கிறவன் விஷயம் வேறு, அங்கே சிக்கல் உண்டு என்று எனக்குப் புரிகிறது. சம்பளச் சீட்டு உள்ளவனிடமாவது ஒரு பெண் அலையாமல் இருக்கட்டும்.

பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கும் ஒன்றும் நடக்கவில்லை. தினக்கூலி 400 என்று சத்தியம் செய்தவன் 34,000 வாங்கினான். அதற்கு நடவடிக்கை எடுக்கலாம் என்று அந்த 2020 தீர்ப்பிலேயே இருக்கிறது. எங்கள் வக்கீல், "முதல்ல பணம் வரட்டும்மா, அதைப் போட்டா இன்னும் மூணு வருஷம் இழுக்கும்" என்றார். அவர் சொன்னது நடைமுறையில் சரி. ஆனால் அப்படி ஒவ்வொரு வழக்கிலும் விட்டுக்கொடுப்பதால்தான் அந்த 400 ரூபாய் எல்லாருடைய வாக்குமூலத்திலும் இருக்கிறது.

செலவுக்குப் பயந்து நிற்பவர்களுக்கு: சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, 12வது பிரிவுப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும். வழக்குப் போடுவதற்கு மட்டும் என்றில்லை, நிறைவேற்று மனுவுக்கும் கேளுங்கள். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அந்த அலுவலகம் இருக்கிறது. போனில் 15100.

தோழியின் அக்கா மகள் நேற்று முன்தினம் என்னிடம் பேசினாள். தீர்ப்பு நகலை எடுத்துவரச் சொல்லி, தேதியைப் படிக்கச் சொன்னேன். இன்னும் மூன்று மாசம் இருக்கிறது. திங்கட்கிழமை மனு போடப் போகிறாள். என் தங்கைக்கு அந்தக் கைதுக்கு அப்புறம் மாசம் 12,000 பத்தாம் தேதிக்குள் வந்துவிடுகிறது. பழைய பாக்கி 3,92,000 இன்னும் வர வேண்டும், மனை வழக்கு நடக்கிறது, நோட்டில் இன்னும் பக்கம் இருக்கிறது. உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், யார் கையிலாவது இப்படி ஒரு தீர்ப்பு நகல் இருந்தால், இன்றைக்கே அதை எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஒரு வருஷம் ஆவதற்குள் மனு போட்டுவிடுங்கள்.